அஞ்சறைப் பெட்டியும் கைப்பேசிச் செயலியும்
(இல்லத்து உணவுத் திட்டம், மளிகைப் பட்டியல் குறித்த ஓர் ஆய்வு)

முன்னுரை

குடும்பங்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்விகளுள் முதன்மையானது, 'இன்று என்ன சமைப்பது?' என்பதாகும். அதனைத் தொடர்ந்து, 'வேண்டிய பொருள்கள் வீட்டில் உள்ளனவா? இல்லாதவற்றை யார், எங்கே, எவ்வளவு வாங்குவது?' என்னும் கேள்விகள் வரிசையாக வந்து நிற்கின்றன. இவற்றுக்கெல்லாம் விடை காணும் பொறுப்பு பெரும்பாலான இல்லங்களில் ஒருவரையே சார்ந்துள்ளது. அவர் பெரும்பாலும் தாயாகவோ மனைவியாகவோ இருக்கிறார். கைப்பேசி சிற்றூர்கள்தோறும் பரவிவிட்ட இந்நாளில், இப்பொறுப்பை எளிதாக்கும் செயலி ஒன்றை வடிவமைக்க மாணவர் பலர் ஆர்வத்துடன் முற்படுகின்றனர். அவர்தம் முயற்சி பாராட்டத்தக்கது. எனினும் அத்தகைய செயலியின் முதற்பணி நிரல் எழுதுவது அன்று. இல்லத்தின் சொல்லையும் அளவையும் நாட்காட்டியையும் கற்பதே முதற்பணியாகும். இக்கல்வியில் தமிழ்த்துறை மாணவர்க்கும் பங்குண்டு என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலைபோகாத ஒரு கணினி

இம்முயற்சிக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நீமன் மார்க்கஸ் என்னும் அங்காடி நிறுவனம், தன் பரிசுப்பொருள் பட்டியலில் 'சமையலறைக் கணினி' ஒன்றை விளம்பரம் செய்தது. ஹனிவெல் நிறுவனத் தயாரிப்பான அக்கணினியின் விலை 10,600 டாலர். காய் நறுக்குவதற்கான பலகையும் அதனுடன் இணைந்திருந்தது. சமையற் குறிப்புகளைச் சேமித்து வைத்து, உணவைத் திட்டமிட உதவும் என்று விளம்பரம் கூறிற்று. ஆனால் அதனுடன் உரையாட வேண்டுமாயின் பொத்தான்களை மேலும் கீழும் தள்ளி, விளக்குகள் எரிவதையும் அணைவதையும் கொண்டு விடையை அறிய வேண்டும். இதற்காக வாங்குவோர்க்கு இரண்டு வாரப் பயிற்சியும் உண்டு. அவற்றுள் ஒன்றேனும் ஒரு வீட்டுக்கு விற்கப்பட்டதற்குச் சான்று இல்லை.

இதற்கு நேர்மாறானது நம் இல்லங்களில் உள்ள அஞ்சறைப் பெட்டி. கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம் முதலியவை தனித்தனி அறைகளில் இருக்கும். மூடியைத் திறந்த மாத்திரத்தில் எது நிறைந்துள்ளது, எது தீரும் நிலையில் உள்ளது என்பது ஒரே பார்வையில் புலனாகும். பயன்படுத்துவதற்கு எவருக்கும் பயிற்சி தேவையில்லை. பொருளை எடுக்கும் செயலே இருப்பைக் கணக்கெடுக்கும் செயலாகவும் அமைந்துவிடுகிறது. கணினி மாணவர் முதலில் ஆராய வேண்டிய வடிவமைப்பு இப்பெட்டியேயாகும்.

திருத்தணியைத் தேர்ந்தமைக்குக் காரணம்

எந்த ஊருக்கும் பொருந்தும் செயலியைச் செய்ய விழைவோர், முதலில் ஓர் ஊருக்கு முழுமையாகப் பொருந்தும் செயலியைச் செய்தல் வேண்டும். அதற்குத் திருத்தணி ஏற்ற களம் என நாம் கருதுகிறோம். சென்னைக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள இம்மலைக்கோயில் நகர், முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த ஊர் என்னும் பெருமையும் இதற்குண்டு. ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்று இது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

எல்லைக்கோடு மாறினாலும் அடுக்களைச் சொற்கள் அதனுடன் சேர்ந்து மாறுவதில்லை. தமிழ் பேசும் இல்லங்களுக்கு அருகிலேயே தெலுங்கு பேசும் இல்லங்கள் உள்ளன. வடதமிழகத்தில் உருது பேசும் முஸ்லிம் குடும்பங்களும் பல. இம்மூவரும் ஒரே மளிகைக் கடைக்குச் செல்கின்றனர். கடைக்காரர் மூவர் சொல்லையும் அறிந்திருக்கிறார். செயலி அவரினும் குறைவாக அறிந்திருக்குமாயின், அதனை எவரும் நாடார்.

முதற்பாடம்: பொருளின் பெயர்

நாம் துவரம் பருப்பு என்பதைத் தெலுங்கர் கந்திபப்பு என்பர். உருது பேசுவோர் தூர் தால் என்பர். புளி அவர்களுக்கு முறையே சிந்தபண்டும் இம்லியும் ஆகும். வெந்தயம் மெந்துலு என்றும் மேத்தி என்றும் வழங்கும். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கில் வெங்காயம் எர்ரகட்ட, பூண்டு தெல்லகட்ட. அதாவது சிவப்புக் கிழங்கு, வெள்ளைக் கிழங்கு எனும் பொருளுடையவை. கடலோர ஆந்திரத்தார் வெங்காயத்தை உல்லிபாய என்று கூறுவதையே நூற்சொல்லாகக் கொண்டு பட்டியல் தயாரித்தால், திருத்தணிப் பகுதியின் வழக்குச் சொல் அதில் இடம் பெறாது போகும்.

தமிழுக்குள்ளேயே வேறுபாடுகள் உள. கறிவேப்பிலை என்பாரும் கருவேப்பிலை என்பாரும் நம்மிடையே உண்டு. கொத்தமல்லி என்றால் சிலர்க்குத் தழை, சிலர்க்கு விதை; விதையைத் தனியா என்று பிரித்துக் கூறுவாரும் உளர். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் செயலியின் உள்ளே ஓர் அடையாள எண் இருத்தல் வேண்டும். அவ்வெண்ணின்கீழ் மும்மொழிப் பெயர்களும் வட்டார வழக்குகளும் எழுத்து வேறுபாடுகளும் தொகுக்கப்பட வேண்டும். தாய் 'புளி' என்று எழுதியதை மருமகள் 'சிந்தபண்டு' என்று காணும் வசதி இதனால் கிட்டும்.

அகரவரிசையிலும் ஓர் இடர் உண்டு. கணினியில் எழுத்துகளுக்கு ஒருங்குறி வழங்கியுள்ள எண்வரிசையும் தமிழ் நெடுங்கணக்கின் வரிசையும் ஒன்றல்ல. நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது முறை. ஒருங்குறியில் றகரம் லகரத்துக்கு முன்னும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. ஆதலின் எண்ணை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தினால், கல்லுப்புக்குப் பின் வரவேண்டிய கற்கண்டு முன்னே வந்துவிடும். இது சிறிய பிழையாகத் தோன்றலாம்; நீண்ட பட்டியலில் பொருளைத் தேடும் முதியவர்க்கு இது பெரிய தடையாகும். இத்தகைய பிழையைக் கண்டு திருத்தத் தக்கவர் தமிழ் மாணவரே.

இரண்டாம் பாடம்: அளவு

கடை கிராமில் விற்கிறது. அடுப்படி கைப்பிடியில் அளக்கிறது. நம் முன்னோர் ஆழாக்கு, உழக்கு, உரி, படி எனச் சீராக இரட்டித்துச் செல்லும் முகத்தல் அளவைகளைக் கொண்டிருந்தனர். 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 படி. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை வந்தபின் கடைகளிலிருந்து இவை மெல்ல மறைந்தன. எனினும் ஆழாக்கு பல வீடுகளில் அரிசிப் பானைக்குள் இன்னும் இருக்கிறது. அதனுடன் சிட்டிகை உப்பு, நெல்லிக்காய் அளவு புளி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு கட்டுக் கீரை என்னும் அளவுகளும் வழங்குகின்றன.

இவற்றைத் துல்லியமற்றவை என ஒதுக்குவது தவறு. ஒரு தாயின் கைப்பிடி ஏறத்தாழ மாறாதது. வேறொரு தாயின் கைப்பிடி அதிலிருந்து வேறுபட்டது. ஆகவே செயலி எல்லார்க்கும் பொதுவான அட்டவணையைத் திணிக்காமல், அவ்வீட்டின் அளவை ஒருமுறை கேட்டறிய வேண்டும். அவ்வீட்டு ஆழாக்கில் பிடிக்கும் அரிசியையும் பருப்பையும், அவ்வீட்டு நெல்லிக்காய் அளவுப் புளியையும் ஒரு நாள் நிறுத்துப் பதிந்துகொண்டால், அதன்பின் தாய் தம் சொல்லிலேயே சமைக்கலாம்; பட்டியல் கடையின் கிராமில் தானே வெளிவரும்.

மூன்றாம் பாடம்: நாட்காட்டி

காலை, மதியம், இரவு என்னும் மூன்று கட்டங்களை ஏழு நாளுக்கு வரைந்துவிட்டால் உணவுத் திட்டம் முடிந்துவிட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். நம் வாழ்க்கை அக்கட்டங்களுக்குள் அடங்குவதன்று. திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருவோரும், டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கு வருவோரும் உறவினர் இல்லங்களில் தங்குவர். அன்று ஐந்து இலை போடும் வீட்டில் பதினைந்து இலை விழும். கிருத்திகையிலும் சஷ்டியிலும் விரதம் இருப்போர் உளர். புரட்டாசி முழுதும் புலால் தவிர்ப்போர் உளர். கிறித்தவர்க்குத் தவக்காலம் உண்டு.

ரமளானில் முஸ்லிம் இல்லங்களின் உணவு நேரமே மாறிவிடுகிறது. விடியலுக்கு முன் ஸஹர். மாலையில் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியுமாக இஃப்தார். நோன்பாளிக்கு மதியக் கட்டம் இல்லை. ஆனால் அதே வீட்டில் சிறுவரும் நோயாளரும் மதியம் உண்பர். கட்டங்களை மூடவும் புதியன திறக்கவும், ஆளுக்கேற்ப மாற்றவும் இயலாத செயலி அம்மாதம் முழுதும் பயனற்றுக் கிடக்கும்.

ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள்களைக் கொண்டது. ஆதலின் ரமளான் ஆண்டுதோறும் பத்து அல்லது பதினொரு நாள் முன்னதாக வருகிறது. 2030ஆம் ஆண்டில் சனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையுமாக இருமுறை ரமளான் தொடங்கும். 'ஆண்டுக்கு ஒரு ரமளான்' என்று எழுதப்பட்ட நிரல் அவ்வாண்டில் பிழைபடும். மேலும், பிறை கண்ட அறிவிப்பைப் பொறுத்தே நோன்பும் பெருநாளும் அமைகின்றன. எனவே செயலி நாளைத் தானே முடிவு செய்யாமல், 'எதிர்பார்க்கப்படும் நாள்' எனக் காட்டி, தலைமைக் காஜியின் அறிவிப்புக்குப் பின் குடும்பத்தார் உறுதி செய்யும்படி விட்டுவைத்தல் வேண்டும்.

நான்காம் பாடம்: கணக்கு

தமிழகத்துக்குப் பெருந்திரள் உணவுத் திட்டத்தில் நீண்ட அனுபவம் உண்டு. காமராசர் ஆட்சியில் 1956இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது; 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது. திருத்தணி மலைக்கோயிலிலேயே 2021 செப்டம்பரில் நாள் முழுவதும் அன்னதானம் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. இவற்றின் கணக்கு எளிது. காலை உணவுத் திட்டத்தில் மாணவர் ஒருவர்க்கு 50 கிராம் தானியமும் சாம்பாருக்கு 15 கிராம் பருப்பும் என வகுத்தனர். 60 மாணவர் எனில் 3 கிலோ தானியம், 900 கிராம் பருப்பு.

இல்லக் கணக்கில் இதனுடன் மேலும் இரண்டு உறுப்புகள் சேர்கின்றன: வீட்டிலுள்ள இருப்பு, நியாயவிலைக் கடைப் பொருள். தமிழகத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அட்டை வைத்துள்ளன. விலையில்லா அரிசி 2011 சூன் முதல் வழங்கப்படுகிறது. துவரம் பருப்பும் பாமாயிலும் தரும் சிறப்பு விநியோகத் திட்டம் 2007இல் தொடங்கிற்று. 2017இல் மின்னணு அட்டை வந்தபின், கடையின் இருப்பையும் தம் ஒதுக்கீட்டையும் காட்டும் அரசுச் செயலியும் மக்களுக்குக் கிடைத்தது. அரசுச் செயலி கடையின் இருப்பைக் கூறும். வீட்டின் இருப்பை அது அறியாது. நம் செயலி இவ்விடைவெளியை நிரப்ப வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஐவர் உள்ள குடும்பம். மதியச் சோற்றுக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி எனில் 30 நாளுக்கு 15 கிலோ. மாதத்தில் எட்டு முறை இட்லி மாவு அரைக்க, ஒவ்வொரு முறையும் 1 கிலோ அரிசியும் 250 கிராம் உளுந்தும் எனில், 8 கிலோ அரிசியும் 2 கிலோ உளுந்தும் வேண்டும். பதினாறு நாள் சாம்பாருக்கு நாளொன்றுக்கு 150 கிராம் வீதம் 2 கிலோ 400 கிராம் துவரம் பருப்பு. வீட்டு இருப்பு: சோற்றரிசி 2 கிலோ, உளுந்து 500 கிராம், துவரை 400 கிராம். நியாயவிலைக் கடையில் 20 கிலோ அரிசியும் 1 கிலோ துவரையும் கிடைக்கும் என வைத்துக்கொள்வோம்.

தேவையிலிருந்து இருப்பையும் நியாயவிலைப் பொருளையும் கழித்தால் வாங்க வேண்டியது வந்துவிடும். உளுந்து ஒன்றரைக் கிலோ. துவரை 1 கிலோ. அரிசி 1 கிலோ. கணக்கு சரியே. ஆயினும் அவ்வீட்டார் நியாயவிலைப் புழுங்கலரிசியை இட்லிக்கு மட்டும் பயன்படுத்துவோராயின், சோற்றுக்கு 13 கிலோ அரிசியைக் கடையில் வாங்கியாக வேண்டும். 'அரிசி' என்னும் ஒரே தலைப்பின்கீழ் எல்லாவற்றையும் அடக்கிய செயலி 12 கிலோ குறைவாகக் காட்டி, மாதக் கடைசியில் அக்குடும்பத்தைத் தவிக்க விடும். எது எதற்குப் பயன்படுகிறது என்பதையும் கேட்டறிந்தாலன்றிக் கணக்கு நிறைவுறாது.

எஞ்சிய உணவும் கணக்கில் வரவேண்டும். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் நேர்ந்தது. இரவில் மிஞ்சிய சோறு மறுநாள் நீராகாரமும் பழைய சோறுமாக ஆவது நம் மரபு. அதனை மறுநாள் காலைக் கட்டத்தில் தானே எழுதிக்காட்டும் செயலி, இஸ்ராஃப் எனும் வீண்விரயத்தை மார்க்கம் கண்டிப்பதை நடைமுறையில் நினைவூட்டும் ஒரு கருவியாகவும் அமையும்.

யாருடைய சுமை?

2019ஆம் ஆண்டில் மைய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுவதாகவும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாகவும் காட்டிற்று. இந்நிலையில், செயலியில் தட்டச்சு செய்யும் வேலையும் தாயின்மேலேயே விழுந்தால், அவர்க்கு ஒரு சுமை கூடியதேயன்றிக் குறைந்ததாகாது.

தாய் நோயுற்று மருத்துவமனையில் இருக்கும் ஒரு வாரத்தை எண்ணிப் பார்ப்போம். எந்தப் பருப்பு எந்த டப்பாவில், பாட்டனார்க்கு உப்பு எவ்வளவு குறைக்க வேண்டும், எரிவாயு உருளை எப்போது மாற்றப்பட்டது என்பன எல்லாம் அவர் ஒருவர் நினைவில் மட்டுமே இருந்தால், அவ்வாரம் வீடு நிலைகுலையும். அந்நினைவைக் குடும்பம் முழுவதற்கும் உரியதாக்குவதே செயலியின் உயர்ந்த பயன். தாய் பேச, செயலி எழுதிக்கொள்ளட்டும். பையைத் தூக்கிக் கடைக்குச் செல்வது மகனாக இருக்கட்டும். தீர்ந்த பொருளைக் குறிப்பது, அதனைக் கடைசியாக எடுத்தவர் கடமையாகட்டும். தாயைத் தவிர வேறொருவர் அப்பட்டியலைக் கொண்டு பிழையின்றி வாங்கி வந்தால், செயலி தேர்ச்சி பெற்றது எனலாம்.

வீட்டின் இரகசியம்

இன்றுள்ள வணிகச் செயலிகள் பல, மேலும் வாங்கத் தூண்டுவதையே குறிக்கோளாகக் கொண்டுள்ளன. இல்லச் செயலியோ, 'இம்மாதம் இது வேண்டாம். இருப்பு உள்ளது' என்று கூறத் துணிய வேண்டும். விற்பனைத் தரகு பெறும் செயலி அவ்வாறு கூறுவது அரிது. ஆதலின் அதன் வருவாய் வழியைத் தொடக்கத்திலேயே தீர்மானித்தல் நலம்.

மற்றொன்றும் நாம் கருதற்குரியது. ஒரு வீட்டின் மளிகைப் பட்டியல் அவ்வீட்டாரின் சமயத்தையும் நோயையும் வறுமையையும் ஒருங்கே காட்டிக்கொடுக்கும். ஸஹர் நேரக் கட்டம், சர்க்கரை விலக்கு, மாதக் கடைசியில் சுருங்கும் பட்டியல் ஆகியவற்றை அயலார் காண்பதை எவரும் விரும்பார். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலின்றித் தரவைக் கையாள்வதற்கு வரம்பு கட்டுகிறது. சட்டத்தினும் சிறந்த காப்பு, தரவு அவ்வீட்டுக் கைப்பேசிகளை விட்டு வெளியேறாதபடி வடிவமைப்பதாகும். அடுக்களைக் கதவைத் தெருப்பக்கம் வைத்துக் கட்டும் வழக்கம் நம்மிடம் இல்லை.

மாணவர்க்கு ஒரு செய்முறை

இத்துறையில் ஈடுபட விழையும் மாணவர் கீழ்க்காணும் ஒழுங்கைப் பின்பற்றலாம்.

1. தமிழ், தெலுங்கு, உருது பேசும் இல்லங்கள் மூன்றைத் தேர்ந்து, அவர்தம் இசைவுடன், 100 மளிகைப் பொருள்களின் வழக்குப் பெயர்களைத் தொகுக்க. இது தமிழ்த்துறையின் பணி.

2. அவ்வீடுகளின் அளவுகளை நிறுத்துப் பதிக.

3. ஒரு மாதம் தாளிலேயே திட்டத்தையும் பட்டியலையும் நடத்துக. தாளில் தோற்பது கணினியில் வெல்லாது.

4. ஒவ்வொரு வாரமும் பட்டியலில் இருந்தும் வாங்காதவை, பட்டியலில் இன்றி வாங்கியவை, வாங்கியும் வீணானவை ஆகிய மூன்றையும் எண்ணுக. எண்ணிக்கை குறையுமாயின் வடிவமைப்பு சரி.

5. அதன்பின்னரே கணினித்துறை நண்பருடன் அமர்ந்து நிரலைத் தொடங்குக.

முடிவுரை

மணிமேகலையின் அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. நம் வீட்டு அரிசிப் பானை அத்தகையது அன்று. குறைவதை அறிந்து, நிரப்புவதைத் திட்டமிட்டு, உண்போர் அனைவரையும் நினைவில் வைத்துச் சமைக்கும் அறிவு நம் தாய்மாரிடம் எழுதாக் கல்வியாக இருந்து வருகிறது. அதனை எழுதி வைப்பதற்கு ஏற்ற கருவி இன்று நம் கையில் உள்ளது. பெரியோர்கள் தம் இல்லத்துச் சொற்களையும் அளவுகளையும் மனமுவந்து கூறவும், ஆசிரியர்கள் அவற்றைத் தொகுக்க வழிகாட்டவும் முன்வருவாராயின், வருங்கல்வியாண்டிலேயே இம்மூன்று இல்லச் சொற்பட்டியலைத் தமிழ் மாணவர் தொடங்கிவிடலாம். அப்பணிக்கு ஒரு குறிப்பேடும் ஒரு தராசும் போதும்.